உள்நாட்டு உற்பத்தி வரிக்கழிவும் அமெரிக்க மாநிலங்களும்

ஏற்றுமதியாளர்களுக்கு அமெரிக்கா தந்துவந்த வரிச்சலுகை விதிமீறல் என உலக வர்த்தக அமைப்பு தீர்ப்பளித்ததை அடுத்து, அதற்கு ஈடாக 2004ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி வந்தது இக்கழிவு. கூட்டாட்சி வருமான வரிச் சட்டத்தின் 199ஆம் பிரிவு. உள்நாட்டு உற்பத்தி வருவாயில் 2005இல் 3 விழுக்காடு, 2007இல் 6, 2010 முதல் 9 எனக் கழிவு உயர்ந்தது. தொழிலாளர் ஊதியத்தில் பாதியே உச்சவரம்பு. ‘உற்பத்தி’க்குள் திரைப்படம், மென்பொருள், கட்டுமானம் எல்லாம் அடங்கின, காப்பிக்கொட்டை வறுப்பதும் உற்பத்தியாகவே கருதப்பட்டது, ஆனால் கடையில் காப்பி போட்டு விற்பது அப்படிக் கருதப்படவில்லை!

பெரும்பாலான மாநிலங்கள் கூட்டாட்சிக் கணக்கில் வரும் வருமானத்தையே தங்கள் நிறுவன வரிக்கும் அடிப்படையாகக் கொள்வதால், மாநிலச் சட்டம் தனியே தடுக்காத இடங்களில் கழிவு தானாகவே உள்ளே வந்துவிட்டது. அதுவும் ஆலை எந்த மாநிலத்தில் இருந்தாலும் சரி. ஒஹையோவில் ஓடும் ஆலைக்காக வேறொரு மாநிலக் கருவூலம் வருவாயை இழக்க வேண்டுமா என்ற கேள்வி நியாயமானதே. கலிபோர்னியா இக்கழிவை ஏற்கவே இல்லை, மாசசூசெட்ஸ் மறுத்தது, நியூயார்க் 2008 முதல் விலகியது. அங்கெல்லாம் நிறுவனங்கள் கழித்த தொகையை மாநிலக் கணக்கில் திரும்பச் சேர்த்தாக வேண்டியிருந்தது. 2017ஆம் ஆண்டு வரிச்சட்டம், 2017க்குப் பின் தொடங்கும் வரியாண்டுகளுக்கு இப்பிரிவை நீக்கியது.