மரத் துறவுச் சடங்கு

மரத் துறவுச் சடங்கு என்பது காட்டு மரங்களுக்குப் பௌத்த பிக்குகளின் துவராடையைக் கட்டி, அக்காட்டைக் காக்க ஊராரைச் சமய உறுதிமொழியால் பிணைக்கும் வழக்கம். தாய்லாந்தில் 1980களின் இறுதியில் தோன்றியது. தாய் மொழியில் ‘புவாட் பா’ எனப்படும். இதை முன்னெடுத்தவர்களைச் ‘சூழல் பிக்குகள்’ என்பர்.

பின்னணி

1961இல் தாய்லாந்து நிலப்பரப்பில் சுமார் 53 விழுக்காடு காடு. 1988இல் அது 28 விழுக்காடாகக் குறைந்தது. மரவெட்டுக் குத்தகைகளும், புதிய சாலைகளும், ஏற்றுமதிக்கான மக்காச்சோள, மரவள்ளிச் சாகுபடியும் காட்டை விழுங்கின. 1988 நவம்பர் பெருமழையில் தெற்கே நக்கோன் சி தம்மரத் மாகாணத்தின் மொட்டை மலைகள் சரிந்தன. வெட்டிக் கிடந்த மரங்கள் வெள்ளத்தோடு ஊர்களுக்குள் பாய்ந்தன. நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். 1989 ஜனவரியில் அரசு இயற்கைக் காடுகளில் வணிக மரவெட்டைத் தடை செய்தது. திருட்டு வெட்டு மட்டும் ஓயவில்லை.

தோற்றமும் முறையும்

வடக்கே பயாவ் மாகாணத்தில் பிரா குரு மானஸ் என்ற பிக்கு 1988இல் இச்சடங்கைத் தொடங்கிவைத்ததாகக் கருதப்படுகிறது. துவராடை கட்டிய மரத்தில் கோடரி வைக்க எவருக்கும் மனம் வராது என்பது அவர் கணிப்பு. ‘நான்’ மாகாணத்தில் பிரா குரு பிதக் நந்தகுன் இதை ஓர் இயக்கமாகவே வளர்த்தார். அவர் நடத்திய சடங்கில் மரக்கன்றுகள் காணிக்கையாயின. ஊர்க் காவல் தெய்வத்துக்கும் வழிபாடு நடந்தது. புத்தர் சிலைமுன் வைத்திருந்த பிச்சைப் பாத்திரத்து நீரைப் பருகி, ஊர்த்தலைவர்கள் காட்டைக் காப்பதாக உறுதி பூண்டனர். ஆடை சுற்றப்படுவது சில பெரிய மரங்களுக்கே. காவல் காடு முழுமைக்கும். 1993இல் அம்மாகாணத்து ஆற்றுக்கு நீண்ட ஆயுள் வேண்டும் சடங்கும் நடத்தப்பட்டு, மீன்பிடிக்கக் கூடாத நீர்ப்பகுதி ஒதுக்கப்பட்டது.

எதிர்ப்பும் விமரிசனமும்

பௌத்தத் துறவிகளின் ஒழுக்க நெறியான வினயத்தின்படி துறவு மனிதருக்கே உரியது என்று மரபாளர் கண்டித்தனர். மரம் துறவியாகிவிடுவதில்லை, இது ஓர் அடையாளமே என்பது சூழல் பிக்குகளின் மறுமொழி. செடிகொடிகளை அழிக்கலாகாது எனப் பிக்குகளுக்கு வினயம் விதித்திருப்பதையும் எடுத்துக்காட்டினர். புரிராம் மாகாணத்தின் டோங் யாய் காட்டில் குடியானவர்கள் வெளியேற்றப்படுவதை எதிர்த்த பிரா பிரஜக் 1991இல் கைதானார். பின்னர் துறவைக் கைவிட்டார். 2005இல் சியாங் மாய் மாகாணத்தில், தியான மையத்தின் காட்டு நிலத்தைக் காத்துவந்த பிரா சுபோஜ் கொலை செய்யப்பட்டார். சூழல் பிக்குகளின் முயற்சிகளும் விமரிசனத்துக்கு அப்பாற்பட்டவை அல்ல. அதே மாகாணத்தின் சோம் தோங் பகுதியில் பிக்கு ஒருவர் தலைமையிலான காடு காக்கும் முயற்சி, மலையில் பயிர்செய்த ஹமாங் மக்களை வெளியேற்றக் கோரும் பூசலாக மாறியது.

பிற்கால வளர்ச்சி

மன்னர் பூமிபோல் அரியணை ஏறிய 50ஆம் ஆண்டையொட்டி 1996இல், 5 கோடி மரங்களுக்கு ஆடை கட்டும் திட்டம் அறிவிக்கப்பட்டது. எதிர்ப்பின் கருவியாக இருந்த சடங்கு இதனால் அரசு விழாக்களிலும் இடம்பெற்றது. காட்டில் வாழ்வோர் மன்னர் பெயரால் தங்கள் உரிமையை வலியுறுத்தவும் அது உதவிற்று. ஊர்கள் காட்டைத் தாமே நிர்வகிக்கச் சட்ட அங்கீகாரம் கேட்ட நெடுங்காலப் போராட்டத்தின் முடிவில், 2019இல் சமுதாயக் காடுகள் சட்டம் இயற்றப்பட்டது. பாதுகாக்கப்பட்ட வனப்பகுதிக்குள் அமைந்த காடுகளுக்கு அது பொருந்தாது.

கம்போடியாவில் பிக்கு புன் சலூத், ஒட்டார் மீன்சே மாகாணத்தில் 18,000 ஹெக்டேருக்கு மேற்பட்ட காட்டை ஊர்மக்களுடன் காத்து, 2010இல் ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் ஈக்வேட்டர் பரிசைப் பெற்றார். அங்கும் மரங்களுக்குத் துவராடை கட்டப்பட்டது. அதோடு பிக்குகளும் ஊராரும் சேர்ந்து காட்டைச் சுற்றி ரோந்து வந்தனர்.