ஈரநிலத்தை ஒட்டி வீடுகள்: திட்டம் எப்படிப் பரிசீலிக்கப்படுகிறது, குடியிருப்பாளர் எப்போது பேசலாம்?

தோ பாயோ என்ற பெயருக்குப் ‘பெரிய சதுப்பு நிலம்’ என்று பொருள். ‘தோ’ என்பது ஹொக்கியன் மொழியில் பெரியது. ‘பாயா’ என்பது மலாயில் சதுப்பு நிலம். பாய லேபார் என்றால் அகன்ற சதுப்பு நிலம். லிட்டில் இந்தியாவிலும் இதே கதைதான். ரோச்சோர் ஆற்றங்கரையின் ஈரமும் புல்லும் இருந்ததால்தான் சிராங்கூன் சாலைப் பகுதியில் மாடும் எருமையும் வளர்த்தார்கள். தேக்கா வட்டாரத்துக்கு ‘கண்டாங் கெர்பாவ்’, அதாவது எருமைக் கொட்டில், என்ற பெயர் அப்படி வந்தது.

இன்று சிங்கப்பூரில் சதுப்பு நிலத்தின் பெயரைத் தாங்கிய பேட்டைகள் பல உள்ளன. சதுப்பு நிலமோ குறைவு. 1819ல் ஆங்கிலேயர் வந்தபோது தீவின் பரப்பில் ஏறக்குறைய 13 விழுக்காடு சதுப்புநிலக் காடாக இருந்தது என்று ஆய்வாளர்கள் கணக்கிடுகிறார்கள். இப்போது எஞ்சியிருப்பது ஏறத்தாழ ஒரு விழுக்காடு.

மறுபுறம், வீட்டுத் தேவை குறையவில்லை. குடியிருப்பாளர்களில் நால்வரில் மூவருக்கும் மேற்பட்டோர் வீவக வீடுகளில் வாழ்கிறார்கள். திருமணமாகும் இளையர்கள் பிடிஓ வீட்டுக்காகக் காத்திருக்கிறார்கள். பெற்றோர் வீட்டுக்குப் பக்கத்திலேயே வீடு கிடைக்குமா என்பது பல தமிழ்க் குடும்பங்களில் அன்றாடப் பேச்சு. எனவே ஓடை, சதுப்பு, காடு ஆகியவற்றை ஒட்டிய நிலத்தில் வீடு கட்டும் திட்டம் வரும்போது, இரு பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. அந்தத் திட்டத்தை யார், எந்தப் படியில், எதை வைத்துப் பரிசீலிக்கிறார்கள் என்பதைத் தெரிந்துகொண்டால்தான் குடியிருப்பாளரின் குரலுக்குப் பயன் இருக்கும்.

ஈரநிலம் வீட்டுக்கு ஏன் முக்கியம்?

ஈரநிலம் என்பது கடலோரச் சதுப்புநிலக் காடு மட்டுமல்ல. அலை வற்றும்போது தெரியும் சேற்றுத் திடல், நன்னீர்ச் சதுப்புக் காடு, பழைய மீன் குளங்கள், நீர்த்தேக்கத்தின் கரையோரப் புல்வெளி எல்லாம் இதில் அடங்கும். சுங்கை பூலோவும் மண்டாய் சேற்றுத் திடலும் கடலோர வகை. நீ சூன் சதுப்புக் காடு நன்னீர் வகை. சிங்கப்பூரில் இந்த வகையில் குறிப்பிடத்தக்க அளவில் எஞ்சியிருப்பது இது ஒன்றுதான்.

இத்தகைய நிலம் மழைநீரைப் பிடித்துவைத்து மெல்ல விடுகிறது. கடலோர மரங்களின் வேர்கள் சேற்றைப் பிடித்துக்கொண்டு அலையின் வேகத்தைத் தணிக்கின்றன. 1978 டிசம்பர் 2ஆம் தேதி 24 மணி நேரத்தில் 512 மில்லிமீட்டர் மழை கொட்டியதை மூத்தவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். பொத்தோங் பாசிர் போன்ற தாழ்வான இடங்கள் அன்று நீரில் மூழ்கின. இனி வரும் காலத்துக்கும் எச்சரிக்கை இருக்கிறது. 2100ஆம் ஆண்டுக்குள் கடல்மட்டம் 1.15 மீட்டர் வரை உயரக்கூடும் என்று 2024 ஜனவரியில் வெளியான தேசியப் பருவநிலை ஆய்வு கூறியது.

பரிசீலனையின் நான்கு படிகள்

முதல் படி, பெருந்திட்டம். நகர மறுசீரமைப்பு ஆணையம் தயாரிக்கும் இந்த வரைபடம் தீவின் ஒவ்வொரு துண்டு நிலமும் எதற்குப் பயன்படும் என்று காட்டுகிறது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை அது மறுஆய்வு செய்யப்படும். அண்மைய நகல் திட்டம் 2025 ஜூன் மாதம் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டது. ஒரு பச்சைப் பகுதி ஏற்கெனவே குடியிருப்புக்கென்று ஒதுக்கப்பட்டிருக்கலாம். பல ஆண்டுகள் எதுவும் கட்டப்படாததால் அது பூங்கா என்றே அக்கம்பக்கத்தினர் நினைத்திருப்பார்கள். கிளமெண்டி காடு 1998 முதல் குடியிருப்பு நிலமாகக் குறிக்கப்பட்டிருப்பது இதற்கு ஓர் எடுத்துக்காட்டு. ஆணையத்தின் இணைய வரைபடத்தில் எவரும் தங்கள் வட்டாரத்தைப் பார்க்கலாம்.

இரண்டாம் படி, சுற்றுப்புற ஆய்வு. கட்ட நினைக்கும் அமைப்பு முதலில் தேசியப் பூங்காக் கழகம், பொதுப் பயனீட்டுக் கழகம் போன்ற அமைப்புகளுடன் கலந்துபேசும். நிலம் இயற்கை வனப்பகுதிக்கோ கடலோரத்துக்கோ உயிரினவளம் மிகுந்த இடத்துக்கோ அருகில் இருந்தால் கூடுதல் கவனத்துடன் ஆராயப்படும். தேவைப்பட்டால் சுற்றுப்புறத் தாக்க மதிப்பீடு செய்யுமாறு கேட்கப்படும். ஆய்வுக் குழு முதலில் அங்கே என்னென்ன உயிரினங்கள் இருக்கின்றன, நீர் எங்கிருந்து வந்து எங்கே போகிறது என்று பதிவு செய்யும். பிறகு கட்டுமானத்தால் என்ன ஆகும் என்று கணிக்கும். பாதிப்பைத் தவிர்க்க முடியுமா, முடியாவிட்டால் குறைக்க முடியுமா என்று பரிந்துரைக்கும்.

மூன்றாம் படி, அறிக்கை வெளியீடு. அப்போதைய தேசிய வளர்ச்சி அமைச்சர் டெஸ்மண்ட் லீ 2020 அக்டோபரில் அறிவித்த மாற்றங்களின்படி, பாதுகாப்புக் காரணம் இருந்தாலொழிய இந்த அறிக்கைகள் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட வேண்டும். கருத்து சொல்லப் பெரும்பாலும் நான்கு வாரம் தரப்படுகிறது.

நான்காம் படி, கட்டுமானக் காலக் கண்காணிப்பு. வேலி எங்கே போடுவது, சேற்று நீர் ஓடையில் கலக்காமல் எப்படித் தடுப்பது, விலங்குகள் வெளியேற எந்தப் பக்கம் வழி விடுவது என்று ஆய்வு சொன்னவை களத்தில் நடக்கின்றனவா என்று பார்ப்பது இந்தப் படி.

சுற்றுப்புறத் தாக்க மதிப்பீட்டுக்கென்று சிங்கப்பூரில் தனிச் சட்டம் இல்லை. திட்டமிடல் சட்டம் முதலிய சட்டங்களின்கீழ் இது நடைபெறுகிறது. தனிச் சட்டம் வேண்டும் என்று இயற்கை ஆர்வலர்கள் நெடுநாளாகக் கேட்டு வருகிறார்கள்.

மாறிய திட்டங்கள், மாறாத திட்டங்கள்

எண்பதுகளில் சுங்கை பூலோவில் கைவிடப்பட்ட இறால், மீன் குளங்கள் இருந்தன. வேளாண் தொழில்நுட்பப் பூங்காவுக்கு எண்ணப்பட்டிருந்த இடம் அது. 1986ல் பறவை ஆர்வலர்கள் அங்கே வந்து தங்கும் வலசைப் பறவைகளைக் கண்டு, காரணங்களை எழுதி அரசாங்கத்திடம் கொடுத்தார்கள். 1989ல் 87 ஹெக்டர் இயற்கைப் பூங்காவாக ஒதுக்கப்பட்டது. 1993ல் பிரதமர் கோ சோக் தோங் அதைத் திறந்துவைத்தார். 2002ல் அது சட்டப் பாதுகாப்புள்ள இயற்கை வனப்பகுதியானது.

செம்பவாங்கை ஒட்டிய செனோக்கோவில் முடிவு வேறாக இருந்தது. குளமும் சதுப்பும் பறவைகளும் இருந்த அந்த இடத்தின் ஒரு பகுதியையாவது விட்டுவைக்க வேண்டும் என்று 1994ல் இயற்கைச் சங்கம் 25,000 கையெழுத்துகளுடன் மனு கொடுத்தது. ஆனால் அந்த இடம் வீடமைப்புக்கே போனது. முன்னாள் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்த தமிழ், மலையாளக் குடும்பங்களுக்கு நன்கு பழக்கமான வட்டாரம் அது. இன்று அங்கே வீடு பெற்று வாழும் குடும்பங்களும் பல. கையெழுத்துகளின் எண்ணிக்கை மட்டும் ஒரு முடிவை மாற்றிவிடாது என்பதற்குச் செனோக்கோ சான்று.

புலாவ் உபினில் உள்ள செக் ஜாவாவில் 2001ல் நிலமீட்புப் பணி தொடங்கவிருந்தது. தொண்டூழியர்கள் அலை வற்றும் நேரங்களில் சேற்றில் இறங்கி, அங்கிருந்த உயிரினங்களைப் பதிவு செய்தார்கள். பொதுமக்கள் கூட்டம் கூட்டமாகச் சென்று பார்த்தார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் திட்டம் ஒத்திவைக்கப்பட்டது.

டோவர் காடு என்று அழைக்கப்படும் 33 ஹெக்டர் உலு பாண்டான் நிலம் இன்னொரு வகை. அதன் ஊடே இயற்கையான ஓடை செல்கிறது. வீவக தன் ஆய்வறிக்கையை 2020 டிசம்பரில் வெளியிட்டது. கருத்துகள் குவிந்ததால் காலக்கெடு 2021 பிப்ரவரி 1 வரை நீட்டிக்கப்பட்டது. அந்த ஆண்டு ஜூலையில் புதிய முடிவு வந்தது: கிழக்குப் பாதியில் வீடுகள் கட்டப்படும், உயிரினவளம் அதிகமுள்ள மேற்குப் பாதி தொடப்படாமல், ஏறத்தாழ பத்தாண்டு கழித்து மறுபடி பரிசீலிக்கப்படும். வீடு கேட்டவர்களுக்கும் காடு கேட்டவர்களுக்கும் கேட்டதில் ஒரு பங்கு கிடைத்தது.

ஆய்வு இருந்தும் கண்காணிப்பு தவறினால் என்ன ஆகும் என்பதைக் கிராஞ்சி காட்டியது. உயிரினவள ஆய்வு முடிவதற்கு முன்பே 4.5 ஹெக்டர் மரங்கள் தவறுதலாக வெட்டப்பட்டது 2021 தொடக்கத்தில் வெளிச்சத்துக்கு வந்தது. அங்கே வரவிருந்தது வீடமைப்புப் பேட்டை அல்ல, வேளாண் உணவுத் தொழில்பேட்டை. என்றாலும் பாடம் எல்லாத் திட்டங்களுக்கும் பொருந்தும்.

இப்போது பெர்லாயார்

தெலுக் பிளாங்காவில் கெப்பல் மன்றத்தின் கோல்ஃப் திடலாக இருந்த 48 ஹெக்டர் நிலத்தில் ஏறத்தாழ 9,000 வீடுகள் வரும் என்று 2022ல் அறிவிக்கப்பட்டது. அவற்றில் சுமார் 6,000 வீவக வீடுகள் என்று அப்போது கூறப்பட்டது. நிலத்தை ஒட்டி ஓடுகிறது பெர்லாயார் ஓடை. தலைநிலத்தின் தென்பகுதியில் எஞ்சியிருக்கும் இரண்டு சதுப்புநிலக் காடுகளில் ஒன்று அங்கேதான் உள்ளது. அப்பால் லாப்ரடார் இயற்கை வனப்பகுதி.

இத்திட்டத்தின் சுற்றுப்புற ஆய்வு 2022 ஏப்ரலில் வெளியிடப்பட்டு மக்கள் கருத்து கேட்கப்பட்டது. ஏறத்தாழ 10 ஹெக்டர் பூங்காவாகவும் திறந்தவெளியாகவும் விடப்படும் என்றும், பறவைகளும் விலங்குகளும் கடந்துசெல்ல நான்கு பசுமை வழித்தடங்கள் அமையும் என்றும் அறிவிக்கப்பட்டது. முதல் பிடிஓ வீடுகள் 2025 அக்டோபரில் விற்பனைக்கு வந்தன. 

இந்தத் தேதிகளின் வரிசையைக் கவனிக்க வேண்டும். அறிக்கைக்கும் விற்பனைக்கும் இடையே மூன்றரை ஆண்டுகள் ஓடிவிட்டன. கட்டடம் எங்கே நிற்கும், ஓடைக்கு எவ்வளவு தூரம் விடப்படும் என்பன போன்ற கேள்விகளுக்கு இடம் இருந்தது 2022ல். விற்பனை நாளன்று அந்தக் கேள்வியை எழுப்புபவருக்குப் பதில் கிடைக்கலாம். வரைபடம் மாறுவது அரிது. ஆனால் கட்டுமானம் பல ஆண்டு நடக்கும். ஓடையில் சேறு கலந்தால், வேலி பெயர்ந்தால் தெரிவிக்கும் வாய்ப்பு அக்கம்பக்கத்தினருக்குத் தொடர்ந்து இருக்கும்.

சென்னையில் பள்ளிக்கரணை

தமிழகத்தில் உறவினர் உள்ளவர்களுக்குப் பள்ளிக்கரணை தெரிந்த பெயர். தென்சென்னையின் வெள்ளநீர் வடியும் அந்தச் சதுப்பு நிலத்தைக் குப்பைக் கிடங்கும் சாலைகளும் நிறுவனங்களும் குடியிருப்புகளும் கொஞ்சம் கொஞ்சமாக விழுங்கின. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சுற்றியுள்ள பகுதிகள் தத்தளித்தன. 2022ல் ஏறத்தாழ 1,248 ஹெக்டர் அனைத்துலக முக்கியத்துவம் வாய்ந்த ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. அதற்குப் பிறகும் சர்ச்சை ஓயவில்லை. ஆய்வு முடியும்வரை ஈரநில எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் புதிய கட்டடங்களுக்கு அனுமதி தரக்கூடாது என்று 2025ல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது. அங்கே கேள்விகள் பெரும்பாலும் நீதிமன்றத்தில்தான் தீர்கின்றன. அதற்குள் சில குடும்பங்கள் வீட்டுக்குப் பணமும் கட்டியிருக்கும். வீடு வாங்குபவரையும் காப்பாற்றுவது முன்கூட்டிய பரிசீலனைதான்.

கருத்து எழுதுவோர் கவனத்துக்கு

அறிக்கைகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில், நூற்றுக்கணக்கான பக்கங்களில் வருகின்றன. முழுவதையும் படிக்க முடியாவிட்டாலும் தொடக்கத்தில் உள்ள சுருக்கம், நீரோட்ட வரைபடம், பரிந்துரைகளின் பட்டியல் ஆகிய மூன்றையும் பார்த்தால் போதும். ஆங்கிலம் சரளமாக வராத பெரியவர்கள் வீட்டுப் பிள்ளைகளை உடன் வைத்துக்கொண்டு படிக்கலாம். 

நாற்பது ஆண்டு ஒரே பேட்டையில் வாழ்ந்தவருக்கு, சில மாதங்கள் வந்துபோகும் ஆய்வுக் குழுவுக்குத் தெரியாதது தெரிந்திருக்கும். கனமழைக்குப் பின் எந்த இடத்தில் நீர் தேங்குகிறது, எந்தக் கால்வாய் நிரம்பி வழிகிறது, எந்த மாதத்தில் பறவைகள் வருகின்றன, நீர்நாய்கள் எந்த வழியாகக் கடக்கின்றன என்பவற்றைத் தேதி, இடம், படத்துடன் எழுதினால் அது ஆய்வில் சேர்க்கத்தக்க தகவலாகிறது. ‘காட்டை அழிக்காதீர்கள்’ என்ற ஒரு வரியைவிட, ‘இந்த முனையில் உள்ள கட்டடத்தை ஓடையிலிருந்து தள்ளி வையுங்கள்’ என்ற கோரிக்கைக்கு அதிகாரிகள் நேரடியாகப் பதில் தர வேண்டியிருக்கும். வீடு வேண்டும் என்பவர்களும் எழுதலாம். பள்ளி, பேருந்து, முதியோர் வசதி ஆகியவற்றின் தேவையும் பரிசீலனைக்கு உரியதே.

அறிவிப்புகள் நகர மறுசீரமைப்பு ஆணையம், வீவக ஆகியவற்றின் இணையத்தளங்களில் வெளியாகின்றன. தங்கள் வட்டாரத்தின் பெருந்திட்ட வரைபடத்தை ஆண்டுக்கு ஒருமுறையாவது பார்த்துவைப்பவர்களுக்கு நான்கு வாரக் கால அவகாசம் போதுமானது. கட்டுமான வேலி போட்ட பிறகு முதன்முறையாகப் பார்ப்பவர்களுக்கு அந்த அவகாசம் ஏற்கெனவே கடந்திருக்கும்.