வடசொற்களும் வழக்கும்: பொருள் வேறுபாட்டின் வரலாறு

செய்யுட்குரிய நால்வகைச் சொற்களுள் ஒன்றாக வடசொல்லைக் கொண்ட தொல்காப்பியர், அது தமிழில் வழங்குங்கால் வடவெழுத்து நீங்க வேண்டும் என ஒலிக்கு நெறி வகுத்தார். பொருளுக்கு நெறி வகுப்பது வழக்கேயாகும். 1950ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த அரசமைப்புச் சட்டத்தின் 351ஆம் பிரிவு, இந்தி தனக்கு வேண்டிய சொற்களை முதன்மையாக வடமொழியிலிருந்து பெறலாம் என்கிறது. இந்திய மொழிகள் பலவற்றிலும் வடசொல் கலந்திருத்தலால் அது எங்கும் ஒருபடியாகவே விளங்கும் என்று கருதுவோர் உளர். இக்கருத்து எத்துணைப் பொருந்தும் என்பதை நான்கு சொற்களைக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

1. சிட்சை

'சிக்ஷா' என்பது வேதாங்கங்கள் ஆறனுள் ஒலிப்புமுறை பற்றியதன் பெயர். கற்பித்தலில் பிழை திருத்துதலும் அடங்கும். ஆசிரியர் செயலின் இவ்விரு கூறுகளுள் மொழிக்கு ஒன்று மேலோங்கிற்று. இந்தியிலும் வங்காளத்திலும் இச்சொல் கல்வியைக் குறிக்கும். மலையாளம், கன்னடம், தெலுங்கு, மராத்தி ஆகியவற்றில் தண்டனையைக் குறிக்கும். கன்னடமும் மராத்தியும் கல்விக்குச் 'சிக்ஷண' என்னும் வடிவைத் தனியே கொண்டன. தமிழிலோ இரு பொருளும் இருவேறு குழுவினரிடம் தங்கின. இசை பயில்வோர் குருவிடம் பெற்ற பயிற்சியைச் சிட்சை என்றனர். விவிலியத் தமிழில் அது கண்டித்துத் திருத்துதலாயிற்று.

2001இல் நடுவணரசு 'சர்வ சிக்ஷா அபியான்' திட்டத்தைத் தொடங்கியபோது இவ்வேறுபாடு அகராதியைக் கடந்து பள்ளிச் சுவர்வரை வந்தது. கன்னடத்தில் அத்திட்டம் 'சர்வ சிக்ஷண அபியான' ஆயிற்று. தமிழில் 'அனைவருக்கும் கல்வி இயக்கம்' எனப்பட்டது. பெயரை அப்படியே எழுதியிருப்பின், கன்னடச் சிற்றூர்த் தாய் ஒருத்திக்கு அது யாவர்க்கும் தண்டனை வழங்கும் திட்டமாக ஒலித்திருக்கக்கூடும்.

2. உபந்நியாசம்

இதற்கு வடமொழியில் அருகில் வைத்தல், எடுத்துரைத்தல் என்பன பொருள். 19ஆம் நூற்றாண்டில் வங்காள எழுத்தாளர்கள் நாவல் என்னும் புதிய இலக்கிய வகைக்கு இச்சொல்லை வழங்கினர். பங்கிம் சந்திரரின் 'துர்கேசநந்தினி' (1865) தோன்றிய காலத்தை ஒட்டி அவ்வழக்கு வேரூன்றியது. இந்தியும் அதனை ஏற்றது. தெற்கில் அதே சொல் மேடைக்குச் சென்றது. தமிழில் அது சமயச் சொற்பொழிவு. கன்னடத்தில் விரிவுரை, கல்லூரி விரிவுரையாளர் 'உபந்யாசக'. நாவலுக்குக் கன்னடமும் மராத்தியும் பாணரின் நூற்பெயராகிய 'காதம்பரி'யைப் பொதுப்பெயராக்கிக்கொண்டன.

3. அவகாசம்

வடமொழியில் இடம், வாய்ப்பு எனப் பொருள்படும் இச்சொல் இந்தியில் விடுப்பு, தெலுங்கிலும் கன்னடத்திலும் வாய்ப்பு, தமிழில் ஒரு செயலை முடிக்கத் தரப்படும் காலம், மலையாளத்தில் உரிமை. விலாசினியின் 'அவகாசிகள்' (1980) என்னும் மலையாள நாவலின் பெயர் சொத்துக்கு உரியோரைக் குறிக்கிறது. 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் மலையாளத்தில் 'விவராவகாச நியமம்'. மலையாள ஆவணத்தில் வரும் அவகாசத்தைத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் காலக்கெடு என்று கொள்வாராயின், ஒருவருடைய உரிமை வெறும் தவணையாகச் சுருங்கிவிடும்.

4. உத்தியோகம்

இதன் மூலப்பொருள் முயற்சி. பாரதத்தின் உத்தியோக பருவம் போர்முன் நிகழ்ந்த முயற்சிகளைக் கூறுவது. இந்தியில் இது தொழில்துறையைக் குறிக்கும். தமிழிலும் தெலுங்கிலும் கன்னடத்திலும் சம்பளம் பெறும் வேலையைக் குறிக்கும். ஒரே முயற்சி ஓரிடத்தில் ஆலையாகவும் பிறிதோரிடத்தில் அலுவலகமாகவும் கருதப்பட்டது.

முடிவாக

இம்மாற்றங்களைச் சிதைவு என்று ஒதுக்குதல் பொருந்தாது. மூலச்சொல்லின் அகன்ற பொருட்பரப்பில் ஒவ்வொரு மொழியும் தன் அன்றாடத் தேவைக்கு வேண்டிய பகுதியைப் பற்றிக்கொண்டது. இசையரங்கு, திருச்சபை, அச்சகம், மேடை, அலுவலகம் எனச் சொல் நாள்தோறும் வழங்கிய இடமே அதன் பொருளை உறுதிசெய்தது. வேர் ஒன்றாதல் சொல்லின் பிறப்பைக் காட்டுமேயன்றி, அதன் இன்றைய வாழ்வைக் காட்டாது. ஆகவே, அறியாத சொல்லைக் காணும்போது அகராதியை நாடும் மொழிபெயர்ப்பாளர், நன்கறிந்ததாகத் தோன்றும் வடசொல்லைக் காணும்போதும் அதனை நாடுதல் வேண்டும். அதன்பின் அம்மொழி பேசுவோரின் வழக்கையும் கேட்டறிதல் வேண்டும்.