எழுதினால் லைபல், பேசினால் ஸ்லாண்டர்

போன மாதம் புனேயில் எங்கள் குடியிருப்பு சங்கக் கூட்டத்தில் ஒருவர் எழுந்து, லிஃப்ட் ரிப்பேரில் நான் கமிஷன் அடித்துவிட்டேன் என்றார். பில்களைக் காட்டினேன். ஆனாலும் மறுநாளிலிருந்து லிஃப்டில் நான் ஏறினால் பேச்சு நின்றுவிடுகிறது. மகளோடு விளையாட வரும் குழந்தைகளும் குறைந்துவிட்டார்கள்.

சென்னை நண்பரிடம் புலம்பினேன். "எழுதியா கொடுத்தான்? வாயால சொன்னதுதானே, லைபல் ஆகாது, விடுப்பா" என்றார்.

அது இங்கிலாந்துக் கதை, மக்களே. அங்கே எழுத்தில் வந்தால் லைபல், வாயால் சொன்னால் ஸ்லாண்டர். லைபலுக்கு மூலமான லத்தீன் சொல்லுக்குச் சின்னப் புத்தகம் என்று அர்த்தம். ஸ்லாண்டரும் ஸ்கேண்டலும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். (டெனிக்ரேட் என்றால் கறுப்பாக்குவது. நம்மூர் 'கரி பூசுவது' அப்படியே! ஆனால் அது சட்டச் சொல் இல்லை.)

அங்கே ஜெயில் லைபலுக்குத்தான். எழுதிய வசை அடிதடியில் முடியும், ஊர் அமைதி கெடும் என்ற பயம். அதனால் எழுதியது உண்மையாக இருந்தாலும் குற்றம்தான். உண்மை என்றால் கோபம் இன்னும் அதிகம் வருமே! உண்மையும் பொதுநன்மையும் இருந்தால் தப்பலாம் என்று 1843-ல்தான் சட்டம் வந்தது. ஸ்லாண்டருக்கோ நஷ்டஈட்டு வழக்குதான். அதிலும் ஜெயிலுக்குப் போகும் குற்றம் செய்தான் என்பது போன்ற சில பழிகளைத் தவிர, மற்றதற்கெல்லாம் நஷ்டத்தை நிரூபிக்க வேண்டும்.

மெக்காலே தலைமையிலான குழு 1837-ல் கொடுத்த தண்டனைச் சட்ட வரைவு இந்தப் பிரிவினையைத் தூக்கிப் போட்டது. அடிதடி பயமல்ல விஷயம். நாலு பேர் தன்னை இழிவாக நினைக்கிறார்கள் என்று தெரிந்தவன் படும் வேதனைதான் குற்றத்தின் சாரம் என்றது. மெக்காலே மேல் எனக்கு ஆயிரம் வருத்தம் உண்டு, ஆனால் இதை எழுதியவர்களுக்கு மனுஷ மனம் தெரிந்திருக்கிறது. 1860 சட்டத்தின் 499-ஆம் பிரிவில் பேச்சு, எழுத்து, சைகை, படம் எல்லாமே ஒரே டிஃபமேஷன். அடுத்த பிரிவில் இரண்டு வருடம் வரை சிறை. 2024 ஜூலை 1 முதல் அது பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆம் பிரிவு; சிறைக்கு மாற்றாக சமூக சேவையும் சேர்ந்திருக்கிறது. இங்கிலாந்தோ 2009-ல் நிறைவேறிய சட்டத்தால் குற்றவியல் லைபலையே ஒழித்துவிட்டது.

ஆக, வாயால் சொன்னதற்கும் நான் வழக்குப் போடலாம். போடவில்லை. பில்களை மட்டும் நகலெடுத்து லிஃப்ட் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன். அவர் பெயரை எழுதவில்லை.