பச்சை உடம்பும் ஒன்றரை மாதக் கணக்கும்

புதிதாகப் பிள்ளை பெற்றவளைச் சித்தூர், திருப்பதி வட்டாரத்துத் தமிழ் வீடுகளில் ‘பச்சை உடம்புக்காரி’ என்றும், அண்டைத் தெலுங்கு வீடுகளில் ‘பாலிந்த’ என்றும் வழங்குவர். 1911 ஏப்ரல் 1 அன்று சித்தூர் தனி மாவட்டமாகும் வரை இவ்விரு ஊர்களும் வட ஆற்காடு மாவட்டத்தில் அடங்கியிருந்தன. தமிழில் மருத்துவச்சி என்றும் தெலுங்கில் மந்திரசானி என்றும் பெயர் பெற்ற பேறு பார்க்கும் பெண்ணின் கைப்பழக்கத்திலும் இரு மொழி வீடுகளுக்குப் பொதுவானவை பல.

அவற்றுள் ஒன்று வயிறு கட்டுதல். பழைய நூல் புடவையை நீளவாக்கில் மடித்து, அடிவயிறு தொடங்கி இடுப்பைச் சுற்றி இறுக்கிக் கட்டும் இவ்வழக்கம், காலியான வயிற்றில் வாயு புகுந்து கேடு செய்யாதிருக்க ஆயுர்வேத நூலான சரக சங்கிதை கூறும் முறையை ஒத்தது. சுசுருத சங்கிதையோ, பிள்ளை பெற்றவளைச் ‘சூதிகை’ எனக் குறித்து, சினத்தையும் கடும் உழைப்பையும் அவள் விலக்க வேண்டும் எனக் கூறி, அந்நிலை நீடிக்கும் காலத்தை ஒன்றரை மாதம் என வரையறுக்கிறது.

இவ்விலக்கின் பயன் குழந்தையைக் குளிப்பாட்டும் முறையில் தெளிவாகத் தெரியும். தாழ்ந்த மணையில் அமர்ந்து, இரு கால்களையும் நீட்டி, கணைக்கால்களின் மேல் குழந்தையைக் குப்புறக் கிடத்தி, எண்ணெய் தேய்த்து வெந்நீர் வார்க்கும் அவ்வேலை முதுகையும் இடுப்பையும் வருத்துவதாகையால், பாட்டியோ அனுபவமுள்ள வேறொரு பெண்ணோ அதை ஏற்க, தாயின் உடல் ஆறுவதற்கு அவகாசம் கிடைத்தது. ஆனால் ஓய்வு என்பது அசையாது கிடத்தல் என்றும், தண்ணீரைக் குறைத்தல் என்றும் கடுமையாக்கப்பட்ட வீடுகளில் வழக்கமே தீங்காயிற்று. நெடுநேரம் கிடப்பதால் கால் நாளங்களில் இரத்தம் உறையக்கூடும் என்பதை உணர்ந்து, இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மருத்துவமனைகள் தாயை விரைவில் எழுப்பி நடக்கவிடத் தொடங்கின. கருப்பையையும் சிறுநீர்ப்பையையும் தாங்கும் இடுப்புத்தளத் தசைகளைச் சுருக்கி விடும் பயிற்சியை அமெரிக்க மருத்துவர் ஆர்னால்ட் கெகல் 1948இல் வெளியிட்டார்.

ஒன்றரை மாதக் கணக்கு மட்டும் மாறவில்லை. பிரசவத்துக்குப் பிந்தைய ஆறு வாரங்களில் பெண்ணை வேலைக்கு அமர்த்தலாகாது என 1961ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டம் விதித்தது. உடல் பழைய நிலைக்குத் திரும்பும் காலமாக மருத்துவம் கொள்வதும் அதே ஆறு வாரங்களையே. எனவே இன்றைய தாய் வீட்டில் முதலில் மூச்சுப் பயிற்சி, கணுக்கால் அசைவு, இடுப்புத்தளச் சுருக்கம், தாழ்வாரத்தில் சிறுநடை எனத் தொடங்கி, குடம் தூக்குவதையும் வயிற்றை மடக்கும் பயிற்சிகளையும் பின்னுக்குத் தள்ளி வைப்பதும், வலியோ உதிரப்போக்கோ மிகுந்தால் உடனே நிறுத்தி மருத்துவரை நாடுவதும், அறுவைப் பேறானால் அவரைக் கேட்ட பின்னரே தொடங்குவதும் தகும்.

குழந்தையின் முதல் முடியைத் திருமலையில் இறக்கும் குடும்பங்கள் இக்கணக்கை மறக்கலாகாது. 1944இல் மலைப்பாதை திறக்கும் வரை நடந்தோ டோலியிலோதான் மலையேற வேண்டியிருந்தது. இன்று வண்டி செல்லும் வழி இருக்கையில், அலிபிரியிலிருந்து ஏறத்தாழ 3,550 படிகளையும், அவற்றின் இடையே நெட்டுக்குத்தாக நிற்கும் ‘மோகாள்ள பர்வதத்தையும்’ பச்சை உடம்பு ஏறித்தான் வேண்டுதல் நிறைவேற வேண்டும் என்பதில்லை. குளிப்பாட்டும் மணையில் தாய்க்குப் பதிலாக வேறொருத்தி அமர்ந்ததே பச்சை உடம்புக்கு ஓய்வு தரும் வழக்கத்தின் உயிர். பாட்டி உடனில்லாத இன்றைய வீட்டில் அந்த மணை கணவனுக்கு உரியது.