மின்னஞ்சலும் தமிழ் வரிவடிவமும்

ஒரு மொழியை அதற்குரியதல்லாத வரிவடிவத்தில் எழுதுதல் தமிழ் பேசுவோர்க்குப் புதியதன்று. ஒலுவிலுக்கும் அட்டாளைச்சேனைக்கும் இடையே கடலை அடுத்துக் கிடக்கும் பாலமுனை போன்ற ஊர்களில் வாழும் முஸ்லிம்களின் தாய்மொழி தமிழ், மறைமொழி அரபு. இலங்கையிலும், காயல்பட்டினம், கீழக்கரை முதலிய இடங்களிலும் முஸ்லிம் அறிஞர் தமிழை அரபு எழுத்தால் எழுதும் நெறியொன்றை வளர்த்தனர். அஃது அரபுத்தமிழ் எனப்பட்டது. அரபில் இல்லாத தமிழொலிகளுக்கு, உள்ள எழுத்துக்களிலேயே புள்ளியும் பிற குறிகளும் இட்டுப் புதியன செய்துகொண்டனர். மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816-1898) அந்நெறியில் எழுதியோருள் பெரும் புகழ் பெற்றவர். அத்தகைய ஏட்டினை அரபு மட்டும் அறிந்தவன் ஒலிப்பான், பொருள் அறியான். தமிழ் வரிவடிவம் மட்டும் கற்றவனுக்கோ தன் தாய்மொழியே கண்ணெதிரில் ஊமையாய் நிற்கும். எழுதினோன் கொண்ட அட்டவணையைப் படிப்போனும் கொண்டிருத்தல் வேண்டும்.

இவ்விடரே மின்னஞ்சலிலும் தோன்றிற்று. 1982 இல் வகுக்கப்பட்ட அஞ்சல் விதிகள், ஏழு பிட்டுக்களாலாய 128 ஆஸ்கிக் குறிகளையே கடத்துவன. ஆங்கிலத்துக்கு அவை போதும். பிறமொழி எழுத்துக்கள் எட்டாம் பிட்டையும் வேண்டுவன. வழியிலுள்ள கணினியொன்று அதனைக் களைந்துவிடின், கடிதம் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலாகும். 1992 இல் நதானியல் போரன்ஸ்டைனும் நெட் ஃபிரீடும் வகுத்த மைம் நெறி வழியைத் திருத்த முற்படவில்லை. கடிதத்தின் உடலை வழிக்கேற்ப உருமாற்றியது. பேஸ்64 என்னும் முறையில் மூன்று பைட்டுக்களின் 24 பிட்டுக்கள் ஆறாறாகப் பகுக்கப்பட்டு, நான்கு ஆஸ்கிக் குறிகளாகின்றன. பெறுவோன் கணினி அவற்றை மீண்டும் மூன்றாக்குகின்றது.

'பாலமுனை' என்பதனையே கொள்க. கண்ணுக்கு நான்கெழுத்து; உயிர்க்குறிகள் தனித்தெண்ணப்படுதலின் ஒருங்குறியில் ஏழு; யூ.டி.எஃப்-8 இல் 21 பைட்டுக்கள். பேஸ்64 இல் 28 குறிகள். மைம் தந்த மற்றொரு முறை, ஒவ்வொரு பைட்டையும் சமக்குறியும் இரண்டு இலக்கங்களுமாக எழுதுவது. அதன்படி இவ்வூர்ப்பெயர் 63 குறிகளாய் நீளும். இடையிடையே ஓரிரு சிறப்பெழுத்துக்கள் வரும் பிரெஞ்சு மொழிக்கு அது பொருந்தும், தமிழுக்கு வீண்செலவே.

எனினும், சிதையாமற் கொண்டு சேர்த்தல் பாதிப் பணியே. பைட்டுக்கள் எவ்வட்டவணைப்படி எழுத்தாகும் என்பதைக் கடிதத்தின் தலைக்குறிப்புக் கூறல் வேண்டும். தமிழ் இடர்ப்பட்டது ஈண்டுத்தான். 1991 இல் வெளியான ஒருங்குறியில் தமிழ் இடம்பெற்றிருந்தும், அன்றைய கணினிகளில் அதனை எளிதிற் காட்ட இயலவில்லை. ஆளுக்கோர் எழுத்துரு, எழுத்துருவுக்கோர் அட்டவணை என்ற நிலையில், பல நாட்டுத் தமிழர் மின்னஞ்சல் வாயிலாகவே கலந்தாய்ந்து திஸ்கி என்னும் பொது அட்டவணையை ஆக்கினர். 1999 இல் சென்னை மாநாட்டையொட்டித் தமிழக அரசு தாப், தாம் என வேறிரண்டை ஏற்றது. பொதுமை நாடியோர் நடுவே மும்மை விளைந்தது.

திஸ்கி என்ற பெயர் இணையப் பதிவேட்டில் ஏறியது 2007 இல். அதற்கு முன்னர், முறையான பெயரின்மையால், திஸ்கிக் கடிதங்கள் பல மேற்கு ஐரோப்பிய எழுத்தெனப் பொய்க்குறிப்புத் தாங்கிச் சென்றன. அவற்றை இன்று திறப்பின் உச்சிக்குறியிட்ட இலத்தீன் எழுத்துக்களே தோன்றும். பேஸ்64 ஐ நீக்கியபின் கிடைக்கும் மூலப் பைட்டுக்கள் கைவசமிருப்பின் குறையில்லை: அட்டவணையைத் திஸ்கியென மாற்றியதும் தமிழ் வெளிப்படும். பொய்க்குறிப்பை நம்பி உருமாற்றி, அறியாத பைட்டுக்களுக்குக் கேள்விக்குறியிட்டுச் சேமித்த கடிதத்திலோ, அவ்வாறு கேள்விக்குறியாக்கப்பட்ட பைட்டுக்களை மீட்க இயலாது.