பட்டுத் திரையும் ஒரு பிடிவாதக்காரியும்

கதை எழுதிப் பிழைக்கிறவனுக்குக் கதையே இல்லாத சித்திரத்தைக் கண்டால் கொஞ்சம் எரிச்சல் வருவது இயற்கைதான். பெண் இல்லை, மரம் இல்லை, மாடு இல்லை. இரண்டு நிறங்களில் சில நெளிவுகள், அவ்வளவுதான். ஆனால் இந்த நெளிவுகளைப் போட்டவரின் வாழ்க்கையில் கதைக்குப் பஞ்சமே இல்லை.

கார்லா அக்கார்டி அம்மையார் 1924-ல் சிசிலித் தீவின் மேற்குக் கோடியிலுள்ள திராப்பானித் துறைமுகத்தில் பிறந்தவர். யுத்தம் முடிந்த கையோடு ரோமாபுரிக்கு வந்தார். முசோலினியின் ஆட்சி மண்ணோடு மண்ணாகியிருந்த சமயம். இளம் சித்திரக்காரர் பலருக்குப் பொதுவுடைமைக் கட்சியின்மீது மோகம். சிசிலியிலிருந்து வந்த இந்தக் கோஷ்டிக்குத் தம் சித்திரக்கூடத்தில் இடம் கொடுத்து ஆதரித்தவர் ரேனாத்தோ குத்தூஸோ. அவரும் சிசிலிக்காரர், கட்சிக்காரர், பெயர் பெற்ற ஓவியர். உழைப்பாளியின் பாடு கண்ணுக்குத் தெரியும்படி வரைய வேண்டும் என்ற கட்சி அவருடையது.

1946 கடைசியில் இளைஞர்கள் பாரிஸுக்குப் போய்ப் புதிய சித்திரங்களைப் பார்த்து வந்தார்கள். 1947-ல் 'ஃபோர்மா ஊனோ' என்று ஒரு பத்திரிகை போட்டார்கள். ஒரே இதழோடு அது கண்ணை மூடிவிட்டது. (அற்பாயுசுப் பத்திரிகைகள் நமக்கு மட்டுமே சொந்தமல்ல.) அதில் எட்டுப் பேர் கையெழுத்திட்ட பிரகடனம் ஒன்று வந்தது. நாங்கள் மார்க்ஸியவாதிகள், வடிவவாதிகளும்கூட, இரண்டுக்கும் விரோதமில்லை என்பது அதன் சாரம். எட்டுப் பேரில் பெண் அக்கார்டி ஒருவர்தான்.

கட்சி இதை ரசிக்கவில்லை. 1948-ல் பொலோன்யா நகரில் நடந்த நவீன ஓவியக் காட்சியைக் கட்சித் தலைவர் தொல்லியாத்தியே பத்திரிகையில் புனைபெயரில் வெளுத்து வாங்கினார். ஒரு பெரிய கட்சியின் தலைவர் சித்திரத்தைக் கண்டு புனைபெயரில் கோபித்துக்கொள்வது வேடிக்கைதான். ஆனாலும் எனக்குக் கொஞ்சம் பொறாமையாகவும் இருக்கிறது. எதிரி திட்டினால் தாங்கிக்கொள்ளலாம். சொந்த மனிதர்களே, "உன் சித்திரம் ஏழைக்கு என்ன செய்தது?" என்று கேட்டால் என்ன பதில் சொல்வது?

அக்கார்டி பாட்டுக்கு வரைந்துகொண்டிருந்தார். 1953 வாக்கில் வர்ணங்களையெல்லாம் ஒதுக்கிவிட்டு, துணியைத் தரையில் விரித்துக் கறுப்பிலே வெள்ளைக் குறிகள் போடத் தொடங்கினார். எழுத்துப் போலவே இருக்கும். எந்த பாஷையும் இல்லை. அறுபதுகளில் வர்ணம் திரும்பி வந்தது. பிறகு கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தாளில் வரைந்து, கூடாரம்கூடக் கட்டினார்.

அந்தக் குறிகள்தாம் பின்னால் பட்டுத்திரை அச்சிலும் வந்தன. அந்த வேலையில் மாயமந்திரம் ஒன்றுமில்லை. சட்டத்தில் மெல்லிய பட்டை இழுத்துக் கட்டி, மை இறங்கக் கூடாத இடங்களை அடைத்துவிட்டு, ரப்பர் பட்டையால் மையை வழித்துத் தள்ள வேண்டும். அடைக்காத இடத்தில் மட்டும் மை தாளில் இறங்கும். ஒவ்வொரு நிறத்துக்கும் தனித் திரை. ஜப்பானியர் துணிக்குச் சாயமேற்றக் கையாண்ட வெட்டுத்தாள் முறையின் ஒன்றுவிட்ட தம்பி இது. 1907-ல் மான்செஸ்டரில் சாமுவேல் சைமன் என்பவர் காப்புரிமை வாங்கினார். கடைப் பலகைக்கும் விளம்பரத்துக்கும் உழைத்த இந்தத் தொழிலை, முப்பதுகளில் வேலையில்லாத் திண்டாட்டத்தின்போது சர்க்கார் உதவிச் சம்பளம் பெற்ற நியூயார்க் ஓவியர்கள் கலைக்குத் திருப்பினார்கள். இன்று பட்டு போய் நைலானும் பாலியெஸ்டரும் வந்துவிட்டன. நம் ஊரில் கல்யாணப் பத்திரிகை அடிக்கிற 'ஸ்கிரீன் பிரிண்டிங்'கும் இதேதான்.

மக்களுக்கான கலை வேண்டும் என்று கட்சி கேட்டது. தெருச் சுவரொட்டிக்குப் பயன்பட்ட இந்த அச்சைவிட மக்களுக்கு நெருக்கமானது எது? ஆனால் அதிலும் சந்தை புகுந்துவிட்டது. நூறு பிரதிதான் என்று வரம்பு கட்டி, ஓரத்தில் பென்சிலால் எண் போட்டு, கையெழுத்திட்டு விற்கிறார்கள். எனக்கு இது பிடிக்கவில்லை. என் நாவலில் எத்தனையாவது பிரதி என்று எந்த வாசகரும் கேட்டதில்லை.

1970-ல் கார்லா லோன்ஸி, எல்வீரா பனோத்தி ஆகியோருடன் சேர்ந்து அக்கார்டி 'ரிவோல்த்தா ஃபெம்மினீலே' என்ற பெண்கள் கிளர்ச்சிக் குழுவைத் தொடங்கினார். அவர் பள்ளி ஆசிரியையும்கூட. பெண்ணின் நிலைமை பற்றி மாணவிகளோடு பேசிய பேச்சுக்கள் 1972-ல் புத்தகமாயின. அந்த விவகாரத்தில் வேலை போயிற்று. சித்திரம் மட்டும் நிற்கவில்லை. 2014-ல் ரோமில் காலமானபோது அவருக்கு வயது 89.